கொடகவெல நிலமும் நீரும்: பார உலோக மாசு பற்றிய ஒரு விளக்கம்

தூய நீரையும் மாசுற்ற நீரையும் நிறம், மணம், சுவை ஆகியவற்றைக் கொண்டு வேறுபடுத்தி அறிவது நமது நெடுநாள் வழக்கம். ஆனால், நீரிற் கரைந்துள்ள நச்சுப் பார உலோகங்கள் பெரும்பாலும் இம்மூன்றில் ஒன்றினாலும் தம்மைக் காட்டிக்கொள்வதில்லை. குடிநீரில் ஒரு லீற்றருக்கு ஆசனிக்கும் ஈயமும் தனித்தனியே 10 மைக்கிரோகிராமுக்கும், கதமியம் 3 மைக்கிரோகிராமுக்கும் மேற்படலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டற் பெறுமானமாகும். ஒரு மைக்கிரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. நீரைக் கொதிக்கவைத்தலும் இங்கு உதவாது. கொதிநிலை கிருமிகளைக் கொல்லும், உலோகத்தை அகற்றாது, நீர் வற்ற வற்ற உலோகத்தின் செறிவு கூடவே செய்யும்.

பார உலோகம் எதுவும் இல்லாத மண் உலகில் இல்லை. பாறை சிதைந்தே மண் உண்டாகின்றது. பாறையிலுள்ள மூலகங்கள் மண்ணிலும் இருக்கும். செம்பு, நாகம், மங்கனீசு ஆகியன சிறிதளவில் பயிருக்கும் மனிதருக்கும் இன்றியமையாதவை. ஈயம், கதமியம், இரசம் ஆகியவற்றால் உடலுக்கு எப்பயனும் இல்லை. ஆகவே, மண்ணில் உலோகம் உண்டா என்று வினவுவதிலும், அது மண்துணிக்கையோடு பிணைந்து நிற்கின்றதா, நீரிற் கரைந்து நகர்கின்றதா என்று வினவுவதே பொருத்தமானது. இவ்வேறுபாட்டினை விளக்குவதற்குக் கொடகவெலப் பிரதேசத்தை நாம் உதாரணமாகக் கொள்வோம். அங்கு நஞ்சு பரவியுள்ளது என்று கூறுவது நமது நோக்கமன்று. அதன் நில அமைப்பு இவ்விடயத்தைத் தெளிவாக எடுத்துக்காட்டுகின்றது என்பதே காரணம்.

இரத்தினபுரி மாவட்டத்தில், பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிய நோக்கிச் செல்லும் வீதியில் கொடகவெல அமைந்துள்ளது. இப்பகுதியின் மலைச்சரிவுகளில் தேயிலையும் இறப்பரும், பள்ளங்களில் நெல்வயல்களும், இடையிடையே மாணிக்கக்கல் குழிகளும் காணப்படுகின்றன. சரிவில் விழும் மழைநீர் தேயிலை மண்ணினூடாக இறங்கி, ஓடையாகி, வயலை அடைகின்றது. லயன்களில் வாழ்வோர் குடிப்பதும் பெரும்பாலும் இவ்வாறு ஊறிவரும் பீலி நீரையும் கிணற்று நீரையுமே. எனவே, ஓர் உலோகம் இவ்வழியில் மூன்று வேறுபட்ட சூழல்களைச் சந்திக்கின்றது.

முதலாவது, சரிவிலுள்ள அமில மண். தேயிலை 4.5 முதல் 5.5 வரையான பீ.எச். பெறுமானமுள்ள மண்ணிலேயே செழிக்கும். தொடர்ந்து இடப்படும் நைதரசன் உரங்கள் அமிலத்தன்மையை மேலும் கூட்டுகின்றன. அமிலம் மிகும்போது ஐதரசன் அயன்கள் களித்துணிக்கைகளின் மேற்பரப்பிலிருந்து கதமியம், நாகம் முதலியவற்றை விலக்கிக் கரைசலுக்குள் தள்ளுகின்றன. கவ்வாத்துக் காலத்தில் டொலமைற்று இடுதல் அமிலத்தைத் தணிப்பதோடு இவ்வுலோகங்களின் நகர்ச்சியையும் குறைக்கின்றது.

இரண்டாவது, மாணிக்கக்கல் குழி. பொன் அகழ்வோர் பலர் இரசத்தைப் பயன்படுத்துவது போல இங்கு எவ்வித இரசாயனமும் பயன்படுவதில்லை. ‘இல்லம’ எனப்படும் கல்லடுக்கு நீரினாலேயே கழுவப்படுகின்றது. எனினும், நிலத்தின் ஆழத்தில் காற்றுப்படாது கிடந்த அடையல் வெளியே வந்து ஒட்சிசனைச் சந்திக்கும்போது, அதிலுள்ள சல்பைட்டுகள் ஒட்சியேற்றமடைந்து அமிலத்தைத் தோற்றுவித்தல் கூடும். குழியிலிருந்து இறைக்கப்படும் கலங்கல் நீரிலுள்ள நுண்களி, தன் மேற்பரப்பில் உலோகங்களைச் சுமந்து ஓடைக்குச் செல்லும். குழிகளை மூடி நிலத்தைச் சீர்செய்தல் வேண்டும் என்னும் உரிம நிபந்தனைக்கு இதுவும் ஒரு நியாயமாகும்.

மூன்றாவது, நெல்வயல். நீர் தேங்கி நிற்கும்போது சேற்றில் ஒட்சிசன் அற்றுப்போகின்றது. அப்பொழுது இரும்பு ஒட்சைட்டுகள் கரைய, அவற்றோடு ஒட்டியிருந்த ஆசனிக்கு விடுபடுகின்றது. கதமியமோ சல்பைட்டாகி அடங்கிவிடுகின்றது. நீரை வடித்து வயலைக் காயவிட்டால் நிலைமை தலைகீழாகின்றது: ஆசனிக்கு அடங்கும், கதமியம் கரைந்து நெல்வேரை அடையும். ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு நோயாகின்றது. ஓடைக்கரையில் படியும் துருநிறம் மக்களை அஞ்சச்செய்வதுண்டு. ஆயினும் அவ்விரும்புப் படிவு ஆசனிக்கைப் பற்றிவைத்திருக்கும் இயல்புடையது. அச்சந்தரும் நிறமுள்ள நீர் எல்லாம் நஞ்சன்று. தெளிந்த நீர் எல்லாம் நன்னீருமன்று.

இயற்கையில் உள்ளவற்றோடு மனிதர் இடுவனவும் சேர்கின்றன. பொசுபேற்று உரங்களில் கதமியம் உண்டு. படிவுப்பாறைப் பொசுபேற்றில் அது பொதுவாக மிகுதி. தீப்பாறைப் பொசுபேற்றில் குறைவு. 1971 இல் கண்டறியப்பட்ட எப்பாவலைப் பொசுபேற்று பின்னைய வகையினது. அது நீரில் எளிதிற் கரையாதாயினும் அமில மண்ணிற் கரையுமாதலால் தேயிலைக்கு ஏற்றது. குறுகிய காலப் பயிரான நெல்லுக்கு, விரைந்து கரையும் முச்சுப்பர் பொசுபேற்று இறக்குமதி செய்யப்பட்டுவந்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 முதல் பொசுபேற்று உரங்களின் கதமியத்துக்கு, ஒரு கிலோகிராம் பொசுபரசு ஐயொட்சைட்டுக்கு 60 மில்லிகிராம் என எல்லை வகுத்துள்ளது.

இவற்றைப் புறக்கணித்தால் நேர்வது யாது என்பதனை யப்பான் நாட்டின் ஜின்சு ஆற்றுப் பள்ளத்தாக்கு காட்டுகின்றது. அங்கு காமியோக்காச் சுரங்கத்திலிருந்து ஆற்றில் கலந்த கதமியம், பாசனநீர் வழியே வயலையும், சோற்றின் வழியே உடலையும் அடைந்தது. சிறுநீரகம் பழுதுற்று, எலும்புகள் மென்மையாகி முறிந்தன. நோயுற்றோர் வலியால் அலறியதால் அந்நோய்க்கு ‘இத்தாய் இத்தாய்’ என்று பெயராயிற்று. அதன் காரணத்தை அரசு ஏற்றுக்கொண்டது 1968 இலேயே. 1979 இல் தொடங்கிய மேல்மண் மீட்புப் பணி 2012 இல்தான் நிறைவெய்தியது. சிறுநீரகத்தில் சேரும் கதமியத்தின் பாதி வெளியேறுவதற்கே பத்து முதல் முப்பது ஆண்டுகள் செல்லும். மண்ணும் உடலும் இந்நஞ்சை எளிதில் விடுவதில்லை.

ஆதலால், அளந்து அறிதலே முதற்கடமையாகும். பீலி நீரையும் கிணற்று நீரையும் மாரியிலும் கோடையிலும் தனித்தனியே சோதித்தல் வேண்டும். வடிகட்டிய நீரையும் வடிகட்டாத நீரையும் வேறாக அளந்தாலன்றிக் கரைந்த உலோகத்தையும் களியோடு வந்த உலோகத்தையும் பிரித்தறிதல் இயலாது. மண்ணில் மொத்த அளவோடு அமிலத்தன்மையும் குறிக்கப்படல் வேண்டும். சபரகமுவப் பல்கலைக்கழகம் பெலிகுல்லோயாவில், இதே மாவட்டத்திலேயே இருக்கின்றது. லயத்து மக்கள் தமது நீரைத் தாமே சோதிக்கும் வசதியற்றவர்கள்; அவர்களது உழைப்பினால் வளர்ந்த நாட்டின் ஆய்வுகூடங்கள் அவர்களது பீலிவரை செல்லுதல் வேண்டும். பெற்ற முடிவுகள், அந்நீரைக் குடிப்போர் விளங்கிக்கொள்ளும் தமிழிலும் சிங்களத்திலும் அவர்களுக்கு அறிவிக்கப்படும்போதே அவ்வாய்வு நிறைவுபெற்றதாகும்.