நுரை தள்ளிய கார்!

விராலிமலையில் பொழுது விடிவது மயில் சத்தத்தில். எங்கள் தெருவில் மட்டும் என் கார் சத்தத்தில்!

1998-ல் அப்பா வாங்கிய சின்னக் கார். அப்பா போய்விட்டார், கார் இருக்கிறது. தினமும் திருச்சி ஆபீஸுக்குப் போக சுமார் முப்பது கிலோமீட்டர், வர முப்பது. ஸ்பீடு பிரேக்கரில் ஏறினால் 'கிறீச்'. இறங்கினால் 'லொடக்'. "பேசாம எடைக்குப் போட்டுடுங்க" என்பது வீட்டுக்காரியின் தீர்ப்பு. எனக்கு மனசு வரவில்லை.

ஒருநாள் பஞ்சர். ஜாக்கி போட்டு ஒரு பக்கத்தைத் தூக்கினேன். கதவைத் திறந்து ஸ்பானரை எடுத்துவிட்டுச் சாத்தப் போனால்... சாத்த முடியவில்லை! வண்டியைக் கீழே இறக்கியதும் அதே கதவு சமர்த்தாகச் சாத்திக்கொண்டது. பேயோ பிசாசோ என்று பயந்துவிட்டேன்.

ஆபீஸில் சொன்னதும் பக்கத்து சீட் நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாடி வீக் சார்! வெளிநாட்டுல ரேஸ் பசங்க என்ன பண்றாங்க தெரியுமா? கதவுக்குக் கீழே ஓடுற பெட்டித் தகடு இருக்கில்ல, அதுக்குள்ள ஃபோமை அடிச்சுடுறாங்க. பொங்கி வழிஞ்சு கல்லு மாதிரி இறுகிடும். அப்புறம் கார் இரும்புக் கட்டிதான்!"

அவர் சொன்னதில் பொய் இல்லை. பாலியூரித்தேன் நுரை ஜெர்மனிக்காரர் ஓட்டோ பேயர் 1937-ல் கண்டுபிடித்த சமாச்சாரத்தின் வாரிசு. பிரிட்ஜின் சுவருக்குள்ளும் சோபா மெத்தைக்குள்ளும் இருப்பது இதன் சொந்தக்காரர்கள்தான். ஆனால், அரை உண்மை ஆளைக் கவிழ்க்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஹார்டுவேர் கடையில், ஜன்னல் சந்து அடைக்கும் நுரை டின் ஒன்று வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆபரேஷன் ஆரம்பம். ஓட்டைக்குள் குழாயைச் செருகி அழுத்தினேன். 'புஸ்ஸ்...' பொங்கல் பானை மாதிரி அத்தனை ஓட்டையிலும் நுரை எட்டிப் பார்த்தது. துடைக்கப் போன கையில் ஒட்டியது, வேட்டியில் ஒட்டியது. சோப்பு, சீயக்காய், மண்ணெண்ணெய் எதற்கும் மசியவில்லை. மூன்று நாள் ஆபீஸில் கையெழுத்துப் போடும்போதெல்லாம் கையை மறைத்துக்கொண்டேன்.

ஆனால், சத்தம் குறைந்துவிட்டது! பார்ப்பவரிடமெல்லாம் பெருமை அடித்தேன்.

ஐப்பசி மழை வந்தது. கார்த்திகையில் காருக்குள் ஒரு நாற்றம். பட்டறைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் அண்ணன் வண்டியைத் தூக்கிவிட்டுக் கதவைச் சாத்திப் பார்த்தார். ஊஹும், பழைய கதைதான்.

"உள்ள என்னத்த தம்பி அடைச்சு வெச்சிருக்கே?"

சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். உளியால் தகட்டைத் தட்டினார். தகடு அப்பளமாக நொறுங்கியது. நுரைக்கும் தகட்டுக்கும் நடுவே தண்ணீர். தண்ணீர் வடிய வைத்திருந்த ஓட்டைகளை என் நுரை அடைத்துவிட்டிருந்தது! நுரையின் நடுவில் இன்னும் பிசுபிசுப்பு. இந்த டின் நுரை காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துத்தான் இறுகும். மூடிய பெட்டிக்குள் ஆழத்தில் அது எங்கே கிடைக்கும்?

"வெல்டிங் வெச்சு ஒட்டிடலாமே அண்ணே?" என்றேன்.

பதில் பேசாமல், ஒரு துண்டு நுரையைத் தகர மூடியில் வைத்து, தூரமாக வெட்டவெளியில் கொண்டுபோய்க் கொளுத்தினார். குபீரென்று பிடித்து, கரும்புகை கிளம்பியது. என்னையும் காற்றுக்கு எதிர்ப்பக்கம் இழுத்து நிறுத்தினார். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும். உயிரைக் குடிக்கிற சரக்கு.

"நான் காருக்கு அடியில படுத்து வெல்டிங் வைக்கிறப்போ இது உள்ள பத்திக்கிட்டா, எம் பொண்டாட்டி புள்ளைக்கு நீ பதில் சொல்லுவியா?"

எனக்கு வியர்த்துவிட்டது. அப்பாவின் ஞாபகத்தைக் காப்பாற்றப் போய், இன்னொரு பிள்ளையின் அப்பாவை...

டீ வந்தது. கோபம் தணிந்து, அண்ணன் பாடம் எடுத்தார். பட்டறை வாசலில் உதிர்ந்து கிடந்த மயிலிறகு ஒன்றை எடுத்தார். காம்பை பிளேடால் நெடுக்காகக் கீறிக் காட்டினார். வெளியே மெல்லிய, கெட்டியான தோல். உள்ளே வெள்ளைவெளேரென்று பஞ்சு மாதிரி ஒரு நுரை!

"ஆளு உசரத்துக்கு நீண்டாலும் தோகை மடங்குறதில்லை, ஏன்? பலம் தோல்ல இருக்கு. உள்ள இருக்கிற பஞ்சு, தோல் உள்பக்கமா மடங்கிடாம தாங்கிப் பிடிக்குது. அவ்வளவுதான் அதோட வேலை. உன் கார்ல தோலே துருப்பிடிச்சுப் போச்சு. வெறும் பஞ்சை அடைச்சு என்ன பண்றது?"

மாருதி 800, அம்பாஸடர் போன்ற கார்களுக்கு ஜீப் மாதிரி தனிச் சேஸிஸ் கிடையாது. மடித்து ஒட்டிய தகட்டுப் பெட்டிகள்தான் எலும்புக்கூடு. 1962-ல் லோட்டஸ் 25 ரேஸ் கார் வந்தது. குழாய்க் கூட்டுக்குப் பதில் மெல்லிய அலுமினியத் தகட்டுப் பெட்டி. எடை குறைவு, முறுக்கைத் தாங்கும் விறைப்போ பல மடங்கு. அடுத்த வருஷமே அதில் ஜிம் கிளார்க் உலக சாம்பியன். அந்தப் பலம் நுரையில் வந்ததல்ல, தகட்டின் வடிவத்தில் வந்தது.

இன்று கார் கம்பெனிகளும் சில தூண்களுக்குள் நுரை வைக்கின்றன. ஆனால் அது வேறு ஜாதி. துரு பிடிக்காத புதுத் தகட்டில், கணக்குப் போட்ட இடத்தில் மட்டும் வைத்து, பெயின்ட் அடுப்பின் சூட்டில் பொங்க வைக்கிறார்கள். டின் நுரையை விடப் பல மடங்கு கனம். நம் டின் நுரை ஒரு கன மீட்டர் சுமார் 25 கிலோதான். சத்தத்தை அடக்கும், காரைத் தாங்காது. சத்தம் போனதும் நோய் போனதாக நினைத்தேன் பாருங்கள், அதுதான் என் முட்டாள்தனம்.

இரண்டு நாள் உட்கார்ந்து நுரையைச் சுரண்டினோம். ஆமாம், நானும்தான். அது எனக்குத் தண்டனை! பிறகு துருத்தகட்டை வெட்டி எறிந்து, புதுத் தகடு வைத்து, உள்ளே துரு தடுக்கும் மெழுகு அடித்தார் அண்ணன்.

உங்களுக்கும் பழைய கார் இருந்தால் ஒன்று செய்யுங்கள். சமதரையில் ஒரு பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி, கதவைச் சாத்திப் பாருங்கள். காருக்கு அடியில் மட்டும் போகாதீர்கள். சாத்த மறுத்தால் ஹார்டுவேர் கடைக்கு ஓடாமல் டிங்கரிங் பட்டறைக்கு ஓடுங்கள்.

வேலை முடிந்ததும் அண்ணன் வண்டியைத் தூக்கிவிட்டு, "இப்ப சாத்து தம்பி" என்றார். சாத்தினேன்.

'டப்!'

1998-ல் அப்பா முதல்முறை சாத்தியபோது கேட்ட அதே சத்தம். பில் பெரிசுதான். நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த மயிலிறகு இப்போது என் டேஷ்போர்டில். லிஃப்ட் கேட்டு ஏறுகிற ஆபீஸ் நண்பர், "என்ன சார், பக்தியா?" என்கிறார்.

"இல்ல சார், ஒர்க்‌ஷாப் மேனுவல்!"