ஆண்டெல்லாம் பூக்கும் பாத்தி

தமிழ்நாட்டுச் சமவெளியில் ஒரு பூப்பாத்தி வெறிச்சோடிக் கிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் செடிகள் குறைவு என்பதல்ல. எல்லாம் சேர்ந்தாற்போல் பூத்து, சேர்ந்தாற்போல் ஓய்ந்துவிடுவதுதான். நாற்றுப்பண்ணையில் அன்றைக்குப் பூத்திருப்பதை மட்டும் பார்த்து வாங்கினால் இப்படித்தான் ஆகும். ஒருமுறை நட்டால் பல ஆண்டு நிற்கும் செடிகளைத் தேர்ந்தெடுக்கும்போது, ஒன்று ஓயும் மாதத்தில் பக்கத்துச் செடி பூக்குமா என்பதை நிறத்துக்கும் முன்னால் பார்க்க வேண்டும்.

இதற்கு மிகப் பொருத்தமான இணை குண்டுமல்லியும் டிசம்பர் பூவும். மல்லிகை மார்ச்சில் பூக்கத் தொடங்கிக் கோடையில் உச்சத்தைத் தொடுகிறது. ஐப்பசி மழையோடு பூ குறைந்துவிடும். நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஏறக்குறைய 50 செ.மீ. விட்டுக் கவாத்து செய்வார்கள். அது குச்சி குச்சியாக நிற்கும் அந்த வாரங்களில்தான் டிசம்பர் பூ ஊதாவாகவும் வெள்ளையாகவும் செடி நிறையப் பூக்கிறது. தை முடிந்து பூ நின்றதும் டிசம்பர் செடியை வெட்டிவிட்டால், மொட்டு வைக்கப்போகும் மல்லிகைக்கு வெயில் தடையில்லாமல் கிடைக்கும். டிசம்பர் பூவைக் காசு கொடுத்து வாங்கவும் தேவையில்லை. குச்சியை ஒடித்து ஈரமண்ணில் நட்டாலே வேர் பிடித்துவிடும்.

இப்படி முறை வைத்துப் பூப்பவற்றுக்கு நடுவே, ஏறக்குறைய ஆண்டு முழுக்கப் பூக்கும் சில செடிகள் பாத்தியைத் தாங்கிப்பிடிக்க வேண்டும். ஆளுயரம் வளரும் நந்தியாவட்டை பின்வரிசைக்கு ஏற்றது. அதன் வெள்ளை, முன்னால் இருக்கும் எந்த நிறத்தையும் எடுத்துக்காட்டும். நடுவில் கனகாம்பரம். அதற்கு மணம் கிடையாது, ஆனால் ஓரளவு நிழலிலும் பூக்கும் குணம் வேறு பல பூச்செடிகளுக்கு இல்லை. ஓரத்தில் நித்தியகல்யாணி. இட்லிப்பூவும் நல்ல தேர்வுதான். ஆனால் சுண்ணாம்புத்தன்மை மிகுந்த மண்ணில் அதற்கு இரும்புச்சத்து எட்டாமல் இலை மஞ்சளாகிவிடும்.

மல்லிகை சோர்ந்து, பருவமழை இன்னும் வராத ஆடி, ஆவணியில்தான் பல பாத்திகள் களையிழக்கின்றன. மாலையில் மலரும் அந்திமந்தாரையும், நிலசம்பங்கியும் இந்த இடைவெளியை நிரப்பும். மழை லில்லியை ஓரமாகக் கொத்தாக நட்டுவைத்தால், ஒரு நல்ல மழை பெய்த சில நாளில் பூத்துவிடும். மழைக்காலத்துக்குச் செங்காந்தள் இருக்கிறது. நந்தியாவட்டையின் கிளையையே கொழுகொம்பாகப் பற்றி ஏறும், பூத்து முடித்ததும் கொடி காய்ந்து, கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும். கிழங்கு உட்பட அதன் எல்லாப் பாகமும் நஞ்சு என்பதால், சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இதைத் தவிர்ப்பதே நல்லது.

நிறப்பொருத்தத்துக்குப் பெரிய விதிகள் வேண்டியதில்லை. கனகாம்பரத்தின் ஆரஞ்சுக்கு அருகில் ஊதா எடுப்பாக இருக்கும். நித்தியகல்யாணியின் ரோஸ் நிறம் அங்கே ஒட்டாது, வெள்ளை வகையை வைக்கலாம். ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு செடிகளைச் சேர்த்து நட்டால்தான் நிறம் தூரத்திலிருந்து தெரியும். தண்ணீர்ப் பொருத்தம் இதைவிட முக்கியம். எப்போதும் ஈரம் கேட்கும் கல்வாழையை, நீர் தேங்கினால் அழுகிவிடும் நித்தியகல்யாணியோடு ஒரே பாத்தியில் வைத்தால், இரண்டில் ஒன்று நிலைக்காது.

பல்லாண்டுச் செடிகளும் காலத்துக்கும் நிற்பதில்லை. நித்தியகல்யாணி ஓரிரு ஆண்டில் அடிக்கட்டை முற்றி உயர்ந்து, பூ நுனியில் மட்டுமே நிற்கும். தானே விழுந்து முளைத்த கன்றுகளை வைத்து அதை மாற்றிவிடலாம். கனகாம்பரம் வேரில் முடிச்சு விழுந்து குன்றினால் நூற்புழுவாக இருக்கக்கூடும். அதே குழியில் மறுபடியும் கனகாம்பரம் நடுவது வீண். நூற்புழுவை அடக்கும் தன்மை செண்டுமல்லியின் வேருக்கு உண்டு என்பதால், அங்கே ஒரு பருவம் அதை வளர்த்துவிட்டுப் பிறகு புதுக் கனகாம்பர நாற்றை வைக்கலாம்.