கடன் அட்டையில் ரொக்கம்: எடுக்குமுன் ஒரு கணக்கு

பற்று அட்டை, கடன் அட்டை இரண்டையும் ஏடிஎம் இயந்திரம் ஒரே மாதிரியாகவே ஏற்றுக்கொள்கிறது. இரகசிய எண்ணைக் கேட்கிறது. பணத்தாள்களை எண்ணித் தருகிறது. பற்று அட்டையில் வருவது நம் சேமிப்புப் பணம். கடன் அட்டையில் வருவதோ அந்த நிமிடத்திலேயே தொடங்கிவிடும் ஒரு கடன். அவசரத்தில் இந்த வேறுபாடு கண்ணில் படுவதில்லை. அடுத்த மாதக் கணக்கு அறிக்கை வரும்போதுதான் பலருக்கும் அது தெரிய வருகிறது.

கடன் அட்டையில் ரொக்கம் எடுப்பது தவறன்று. அட்டையோடு வழங்கப்படும் வசதிகளுள் அதுவும் ஒன்று. ஆயினும் அதன் செலவைப் பணம் எடுப்பதற்கு முன்பே கணக்கிட்டுப் பார்ப்பது வாடிக்கையாளருக்கு நன்மை பயக்கும். கணக்கு கடினமானதன்று. தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று: கட்டணம், வட்டி, வரி.

வட்டியில்லாக் காலம் இங்கு இல்லை

கடையில் பொருள் வாங்கிக் கடன் அட்டையில் பணம் செலுத்தினால், வாங்கிய நாளைப் பொறுத்து ஏறத்தாழ 20 முதல் 50 நாள்கள் வரை வட்டியில்லாமல் அவகாசம் கிடைக்கும். முந்தைய பாக்கி ஏதும் இல்லாமல், உரிய தேதிக்குள் முழுத்தொகையையும் செலுத்துவதே அதற்கான நிபந்தனை.

ரொக்கத்திற்கு இந்தச் சலுகை கிடையாது. பணம் எடுத்த நாளிலிருந்து அது முழுமையாகத் திருப்பிச் செலுத்தப்படும் நாள் வரை ஒவ்வொரு நாளுக்கும் வட்டி உண்டு. உரிய தேதிக்குள் முழுத்தொகையையும் கட்டிவிட்டாலும், இடைப்பட்ட நாள்களின் வட்டியைச் செலுத்தியே ஆக வேண்டும்.

வட்டியோடு, ஒவ்வொரு முறை பணம் எடுக்கும்போதும் ரொக்கக் கட்டணம் ஒன்று விதிக்கப்படுகிறது. எடுக்கும் தொகையில் 2.5 விழுக்காடு என்பது பரவலாகக் காணப்படும் அளவு. இதற்குக் குறைந்தபட்சத் தொகை ஒன்றும் உண்டு. அதனால் சிறு தொகையைப் பலமுறை எடுத்தால் கட்டணச் சுமை மேலும் கூடும். கட்டணம், வட்டி இரண்டின் மீதும் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேரும். வெளிநாட்டில் எடுத்தால் அந்நியச் செலாவணி மாற்றக் கட்டணமும் தனியே உண்டு.

இருபதாயிரம் ரூபாயின் விலை

ஒருவர் ரூ.20,000 எடுக்கிறார் என்று கொள்வோம். கட்டணம் 2.5 விழுக்காடு, வட்டி மாதம் 3.5 விழுக்காடு, அதாவது ஆண்டுக்கு 42 விழுக்காடு.

கட்டணம் ரூ.500, அதற்கு வரி ரூ.90. ஆக, பணம் கைக்கு வந்த உடனேயே ரூ.590 செலவாகிவிட்டது. அதன்பின் நாளொன்றுக்கு ஏறத்தாழ ரூ.23 வட்டி ஏறுகிறது.

10 நாள்களில் திருப்பிச் செலுத்தினால்: வட்டி ரூ.230, அதன் வரி ரூ.41. கட்டணத்தையும் சேர்த்து மொத்தச் செலவு ஏறத்தாழ ரூ.860.

45 நாள்கள் கழித்துச் செலுத்தினால்: வட்டி ரூ.1,036, அதன் வரி ரூ.186. மொத்தச் செலவு ஏறத்தாழ ரூ.1,810.

இதே ரூ.20,000-ஐ ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டியில் நகைக்கடனாகப் பெற்றால், 45 நாள்களுக்கான வட்டி ரூ.250-ஐத் தாண்டாது. அட்டைக்கு ஆகும் செலவு அதைப் போல் ஏழு மடங்கு.

இக்கணக்கு மற்றொன்றையும் காட்டுகிறது. 10 நாள் கடனுக்கு ரூ.860 என்பதை ஆண்டுக் கணக்கில் மாற்றினால் ஏறத்தாழ 157 விழுக்காடு வருகிறது. 'நான்கே நாளில் கட்டிவிடப் போகிறோம், வட்டி என்ன பெரிதாக வந்துவிடும்?' என்று எண்ணுவோர் உண்டு. குறுகிய காலக் கடனில் வட்டியை விடக் கட்டணமே பெரிய சுமை. அது எத்தனை நாளில் கட்டினாலும் குறைவதில்லை.

குறைந்தபட்சத் தொகை மட்டும் போதுமா?

செலவு பெருகுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கணக்கு அறிக்கையில் 'செலுத்த வேண்டிய குறைந்தபட்சத் தொகை' என்று ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். அதைச் செலுத்தினால் தாமதக் கட்டணம் வராது; ஆனால் வட்டி நிற்காது.

மேற்கண்ட ரூ.20,000-க்கு, மாதந்தோறும் அந்தந்த மாத வட்டியும் வரியும் சேர்த்து, அசலில் 5 விழுக்காடு மட்டும் ஒருவர் கட்டிவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டு முடிவில் அவர் வட்டியாகவும் வரியாகவும் மட்டும் ஏறத்தாழ ரூ.7,600 செலுத்தியிருப்பார். அதற்குப் பிறகும் அசலில் ரூ.10,800 பாக்கி நிற்கும். ஓராண்டு தவறாமல் கட்டியும் பாதிக் கடன் தீரவில்லை.

குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால் கடன் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீளும் என்ற எச்சரிக்கையைக் கணக்கு அறிக்கையில் அச்சிட வேண்டும் என ரிசர்வ் வங்கி பணித்திருப்பது இதனால்தான்.

இன்னொரு நுட்பமும் கவனிக்கத்தக்கது. நாம் பகுதியளவு செலுத்தும் பணம் எந்தப் பாக்கிக்கு முதலில் வரவு வைக்கப்படும் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. பல அட்டைகளில் வரி, கட்டணம், வட்டி ஆகியவை முதலிலும், பொருள் வாங்கிய பாக்கி அடுத்தும், ரொக்கப் பாக்கி இறுதியிலும் வருகின்றன. அவ்வாறான அட்டையில் பகுதித் தொகை மட்டும் கட்டினால் ரொக்கக் கடன் தொடப்படாமலேயே இருக்கக்கூடும். மேலும், முழுத்தொகையும் கட்டப்படாத மாதத்தில் புதிதாக வாங்கும் பொருள்களும் வட்டியில்லாச் சலுகையை இழக்கின்றன.

விதிகள் தரும் பாதுகாப்பு

கடன் அட்டை வட்டி ஆண்டுக்கு 30 விழுக்காட்டைத் தாண்டுவது நியாயமற்ற வணிக நடைமுறை எனத் தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2008-இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று இரத்து செய்தது. ஆகவே 30 விழுக்காடு என்ற உச்சவரம்பு இன்று நடைமுறையில் இல்லை. மிகையான வட்டி வசூலிக்கலாகாது என்பது ரிசர்வ் வங்கியின் பொதுநெறி. குறிப்பிட்ட அட்டைக்கு எவ்வளவு வட்டி என்பதை அட்டையின் ஒப்பந்தமே சொல்கிறது.

ஒப்பந்தத்தை வாடிக்கையாளர் எளிதில் அறிய வழி செய்யப்பட்டிருக்கிறது. ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகளின்படி, விண்ணப்பத்துடன் முக்கிய விவரங்கள் அடங்கிய ஒரு பக்க அறிக்கை தரப்பட வேண்டும். பொருள் வாங்குவதற்கும் ரொக்கம் எடுப்பதற்கும் ஆண்டு வட்டி விகிதம் தனித்தனியே காட்டப்பட வேண்டும். எவ்வளவு ரொக்கம் எடுக்கலாம் என்ற வரம்பு, மொத்தக் கடன் வரம்பில் ஒரு பகுதியாகக் கணக்கு அறிக்கையில் இடம்பெறும்.

கணக்கில் பிழை இருப்பதாகக் கருதினால் முதலில் அட்டை வழங்கிய வங்கியிடம் எழுத்து மூலம் முறையிட வேண்டும். 30 நாள்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். இதுபற்றிய விவரங்களை 14448 என்ற தொலைபேசி எண்ணில் கேட்டறியலாம்.

ரொக்கம்தான் தேவையா?

மருத்துவமனை முன்பணம், கல்விக் கட்டணம், பழுதுபார்க்கும் செலவு ஆகியவையே பெரும்பாலும் அவசரமாகப் பணம் தேடவைப்பவை. இவற்றுள் பலவற்றுக்கு அட்டையையே நேரடியாக ஏற்றுக்கொள்கிறார்கள். மருத்துவமனையில் ரூ.20,000-ஐ அட்டையில் செலுத்தி உரிய தேதியில் முழுவதும் கட்டினால் வட்டி ஒன்றுமில்லை. அதே தொகையை ஏடிஎம்மில் எடுத்துக்கொண்டு போய்க் கட்டினால் மேற்சொன்ன செலவு அத்தனையும் வந்து சேரும். 'அட்டை ஏற்றுக்கொள்வீர்களா?' என்று ஒரு வார்த்தை கேட்பது ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தலாம்.

ரொக்கமே வேண்டுமெனில் வேறு வழிகளும் உள்ளன. நிலையான வைப்புத்தொகை இருந்தால் அதை முறிக்காமலே அதன் மீது கடன் பெறலாம். வைப்பு வட்டியை விட ஓரிரு விழுக்காடு மட்டுமே கூடுதலாக இருப்பது வழக்கம். நகைக்கடன் பெரும்பாலும் அன்றே கிடைக்கிறது. தகுதியுள்ள வாடிக்கையாளர்களுக்கு அட்டையின் வரம்பிற்குள்ளேயே மாதத் தவணைக் கடனும் வழங்கப்படுவதுண்டு. அதன் வட்டி பொதுவாக ரொக்க வட்டியை விடக் குறைவு. அதன் செயலாக்கக் கட்டணத்தையும் கேட்டறிந்துகொள்க.

'அட்டையைத் தேயுங்கள், கழிவு போகப் பணம் தருகிறோம்' என்று சில கடைகளில் சொல்வதுண்டு. பொருள் விற்காமல் விற்றதாகக் காட்டும் இச்செயல் அட்டை ஒப்பந்தத்திற்கு மாறானது. அட்டை முடக்கப்படலாம், அட்டை விவரங்கள் களவு போகவும் இடமுண்டு. அதைத் தவிர்ப்பதே நலம்.

எடுத்தே ஆக வேண்டுமென்றால்

வேறு வழியே இல்லாத நேரமும் வரும். அப்போது இவற்றை மனத்தில் கொள்க:

• தேவையான தொகையை மட்டும், ஒரே முறையில் எடுக்கவும்.

• கணக்கு அறிக்கை வரும்வரை காத்திராமல், பணம் கிடைத்த அன்றே அட்டைக் கணக்கில் செலுத்தவும். ஒவ்வொரு நாளும் வட்டி குறையும்.

• அந்த மாத அறிக்கையின் முழுத்தொகையையும் கட்டிவிடவும். வட்டியின் எச்சம் அடுத்த அறிக்கையில் வந்தால் அதையும் உடனே தீர்க்கவும்.

• மின்பணப்பையில் பணம் ஏற்றுதல், அந்நியச் செலாவணி வாங்குதல் போன்றவற்றையும் சில வங்கிகள் ரொக்கமாகவே கருதுகின்றன. முன்னரே கேட்டறியவும்.

• தவணை தவறினால் அது கடன் தகவல் நிறுவனங்களின் பதிவில் ஏறும். இவ்விவரங்களை 15 நாள்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் முறை 2025 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும் நாளில் இப்பதிவு முன்னே வந்து நிற்கும்.

அட்டையுடன் வந்த கட்டண விவரத் தாளை இன்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ரொக்கக் கட்டணம் எவ்வளவு, மாத வட்டி எவ்வளவு என்ற இரண்டு எண்களைக் குறித்து வைத்துக்கொண்டால், அவசரம் வரும் நாளில் எந்த வழி மலிவு என்பதை நீங்களே கணக்கிட்டு முடிவெடுக்கலாம்.