கொல்லிமலை வெடிக்குமா?

திண்ணனூர் நாட்டில் ஒரு வீட்டில் ரெண்டு நாள் தங்கியிருந்தோம். டிவியில் ஏதோ ஒரு நாட்டு எரிமலை புகைந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரரின் பையன், ஒன்பதாவது படிக்கிறான், "நம்ம மலையும் இப்படி வெடிக்குமா சார்?" என்றான். மிளகு காயவைத்துக்கொண்டிருந்த பாட்டியும் நிமிர்ந்து பார்த்தார்.

"வெடிக்காது தம்பி. கடலடித் தட்டு ஒன்னு இன்னொரு தட்டுக்கு அடியில போகும், உள்ள இருக்கிற சூட்டுல உருகி மேல வரும், அதான் எரிமலை. இங்க அப்படி எதுவும் கிடையாது" என்றேன். ஊருக்குத் திரும்பி படித்துப் பார்த்தால், வெடிக்காது என்பது மட்டும்தான் சரி. அவனுக்கு அனுப்பிய திருத்தத்தின் விரிவு இது.

முதல் தப்பு: அமிழும் தட்டு பெரும்பாலும் உருகுவதில்லை. கோடிக்கணக்கான வருஷம் கடலடியில் குளிர்ந்து கிடந்த பாறை அது. பாறையில் வெப்பம் ரொம்ப மெதுவாகத்தான் பரவும். தட்டு வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் இறங்குகிறது என்றாலும், அது சூடேறுவதற்கு அந்த வேகமே அதிகம். சுற்றியிருக்கும் மேன்டிலை அது குளிரத்தான் வைக்கும். பிறகு ஏன் சரியாக அந்த இடத்தில் மாக்மா?

தண்ணீர்தான் காரணம். காலேஜ் லேபில் சால்டரிங் செய்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஈயம் 327 டிகிரியில் உருகும், வெள்ளீயம் 232-ல். ரெண்டையும் சரியான விகிதத்தில் கலந்தால் 183 டிகிரியிலேயே உருகிவிடும். சூட்டைக் கூட்டவே இல்லை, கலவையை மாற்றினோம், அவ்ளோதான். பாறைக்குத் தண்ணீர் செய்வதும் கிட்டத்தட்ட இதே வேலைதான்.

கடலடிப் பாறையின் விரிசல்களில் இறங்கும் நீர், தாதுக்களின் படிக அமைப்புக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. சர்பென்டைன் என்ற தாதுவின் எடையில் சுமார் 13 சதவீதம் தண்ணீர்! தட்டு இறங்க இறங்க அழுத்தமும் வெப்பமும் ஏறி, இந்தத் தாதுக்கள் சிதைந்து நீரை விடுகின்றன. சுமார் 100 கி.மீ. ஆழத்தில் வெளியேறுவது மேலே இருக்கும் சூடான மேன்டிலுக்குள் போகிறது. உலர்ந்த மேன்டில் அந்த ஆழத்தில் உருக 1,400 டிகிரிக்கு மேல் வேண்டும். நீர் சேர்ந்தால் ஆயிரத்தை ஒட்டியே போதும். ஏற்கனவே 1,200, 1,300-ல் இருக்கும் பாறை உருக ஆரம்பிக்கிறது.

உருகியது சுற்றியுள்ள பாறையைவிட லேசானது, அதனால் மேலேறுகிறது. மேலே வந்து அழுத்தம் குறைந்ததும் கரைந்திருந்த நீர் ஆவிக் குமிழ்களாகப் பிரிகிறது. கோலி சோடாவில் கோலியைத் தட்டிவிட்டால் நடப்பதுதான். இந்த வகை எரிமலைகள் முரட்டுத்தனமாக வெடிப்பதற்கு அது முக்கியமான காரணம்.

இதைப் பார்க்க இந்தோனேசியா வரை போக வேண்டாம். போர்ட் பிளேயருக்கு வடகிழக்கே சுமார் 135 கி.மீ. தள்ளி பாரன் தீவு இருக்கு. இந்தியத் தட்டு அங்கே பர்மா தட்டுக்கு அடியில் போகிறது. 1787-ல் வெடிப்பு பதிவாகியிருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு அடங்கிக் கிடந்த மலை 1991-ல் மறுபடி எழுந்தது. மனுஷர் யாரும் குடியில்லாத தீவு என்பது நம்ம அதிர்ஷ்டம்.

ரெண்டாவது தப்புதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இங்க அப்படி எதுவும் கிடையாது" என்றேனே, இப்போது கிடையாது, அவ்வளவுதான். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறும்போது, சாலைக்காக வெட்டிய இடங்களில் எண்ணெய் தடவினாற்போல் மின்னும் கருங்கல் சார்னோக்கைட். சென்னை பரங்கிமலையில் இருப்பதும் இந்த வகைதான். இதன் மூலப்பாறை சுமார் 250 கோடி வருஷம் முன்பு, தட்டு அமிழ்ந்த இடத்துக்கு மேலே, ஆழத்தில் உறைந்த மாக்மா என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நாமக்கல் வட்டாரத்தில் தேவனூர் ஓஃபியோலைட் என்று ஒன்று இருக்கு. அதே காலத்துக் கடலடிப் பாறையின் துண்டுகள் என்று 2012-ல் ஒரு ஆய்வுக்கட்டுரை வந்தது. அந்தக் காலத்தில் தட்டுகள் இன்றுபோலவே நகர்ந்தனவா என்பதில் சண்டை ஓயவில்லை. பூமி அப்போது இன்னும் சூடு. அமிழும் தட்டே உருகியிருக்கவும் வாய்ப்பு உண்டு (நான் பையனிடம் சொன்னது அந்தக் காலத்துக்குப் பொருந்தியிருக்கலாம், சின்ன ஆறுதல்!).

அப்புறம் அந்தப் பாறை பல பத்து கி.மீ. ஆழத்தில் மறுபடி வெந்து நீரை இழந்தது. நீரைத் தாங்கும் மைக்கா மாதிரி தாதுக்கள் போய், ஹைப்பர்ஸ்தீன் வந்தது. தண்ணீரால் பிறந்த கல், இப்போது பூமியின் வறண்ட பாறைகளில் ஒன்று. ஆக நாம் ஏறி நிற்பது எரிமலையின் தலையில் இல்லை, வேரில். அடியில் அமிழும் தட்டும் இல்லை, வெடிக்க வழியும் இல்லை.

பையனிடமிருந்து மறுநாள் பதில் வந்தது: "பாட்டிகிட்ட சொல்லிட்டேன் சார். அப்ப மேல இருந்த எரிமலையெல்லாம் எங்க போச்சுன்னு கேக்குறாங்க."

மழையும் ஆறும் கரைத்துக்கொண்டு போன கதை. அதை அடுத்த பதிவில் எழுதுகிறேன், பாட்டிக்கு மட்டும் இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.