மேற்கோள் எண்ணும் மெய்ப்பொருளும்

ஓர் ஆய்வாளரின் தகுதியை எவ்வாறு அறிவது? அவர் வெளியிட்ட கட்டுரைகள் எத்தனை, அவற்றைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டியுள்ளனர் என்னும் இரண்டு எண்களே இன்று பெரும்பாலும் விடையாகத் தரப்படுகின்றன. பணி நியமனத்திலும் ஆய்வு நிதி வழங்குவதிலும் இவ்வெண்களுக்குச் செல்வாக்கு உண்டு. இவை எதனை அளக்கின்றன, எதனை அளப்பதில்லை என்பதை, நினைவாற்றலைச் சிதைக்கும் அல்சைமர் நோயைப் பற்றிய ஆய்வு வரலாற்றின் வழியே காண்போம்.

மேற்கோள் கணக்கு

ஆய்வுக் கட்டுரை எழுதுவோர் தமக்குத் துணைநின்ற முந்தைய ஆய்வுகளைப் பட்டியலிடுவது மரபு. அமெரிக்க அறிஞர் யூஜின் கார்ஃபீல்டு இப்பட்டியல்களைத் தொகுத்து, 1964ஆம் ஆண்டில் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டார். ஒரு கட்டுரையைப் பின்னர் யார் யார் எடுத்தாண்டனர் என்பதை அதனால் அறிய முடிந்தது. ஆய்வுகளைத் தேடும் கருவியாகத் தோன்றிய இம்முறை, நாளடைவில் ஆய்வாளரை மதிப்பிடும் அளவுகோலாகவும் ஆயிற்று.

2005ஆம் ஆண்டில் ஹிர்ஷ் என்னும் இயற்பியலாளர் 'எச் குறியீடு' என்னும் அளவையை முன்மொழிந்தார். ஒருவரின் ஆறு கட்டுரைகள் முறையே 40, 25, 12, 6, 5, 2 மேற்கோள்களைப் பெற்றுள்ளன என்று கொள்வோம். அவற்றுள் ஐந்து கட்டுரைகள் ஐந்தும் அதற்கு மேலும் மேற்கோள்கள் பெற்றிருப்பதால் அவரது எச் குறியீடு 5 ஆகும். ஐந்து கட்டுரைகள் மட்டுமே எழுதியவர், அவை எத்துணைச் சிறந்தவையாயினும், இவ்வளவையில் ஐந்தைத் தாண்ட இயலாது.

அமைதியில் பிறந்த கண்டுபிடிப்பு

1901ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகர மனநல மருத்துவமனையில் 51 வயதுப் பெண் ஒருவர் சேர்க்கப்பட்டார். தம் பெயரைக்கூட முழுமையாக எழுத இயலாத அளவுக்கு அவரது நினைவு குன்றியிருந்தது. அவரை ஆராய்ந்த மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், 1906ஆம் ஆண்டில் அப்பெண் இறந்தபின் அவரது மூளைத் திசுவை நுண்ணோக்கியால் நோக்கினார். நரம்பணுக்களுக்குள் இழைச் சிக்கல்களும் வெளியே படிவுகளும் காணப்பட்டன. அவ்வாண்டு நவம்பரில் டியூபிங்கன் நகர மாநாட்டில் அவர் இதனை எடுத்துரைத்தபோது, அவையோர் ஒரு வினாவும் எழுப்பவில்லை. மறு ஆண்டில் அவ்வுரை சிறு கட்டுரையாக வெளிவந்தது. 1910இல் கிரேப்பெலின் தம் மருத்துவ நூலில் அந்நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார்.

ஆயினும், நடுவயதினருக்கு வரும் அரிய நோயாகவே அது நெடுங்காலம் கருதப்பட்டது. 1960களில் இங்கிலாந்தின் நியூகாசில் ஆய்வாளர்கள், நினைவு குன்றிய முதியோர் பலரின் மூளைகளிலும் அதே படிவுகள் மிகுந்திருப்பதைக் காட்டினர். முதுமையின் இயல்பு என்று ஒதுக்கப்பட்ட துயரம் ஆராயத்தக்க நோயென உணரப்பட்டது. ஒரு கட்டுரையின் பெருமை அது வெளியான காலத்திலேயே புலப்பட வேண்டும் என்பதில்லை.

பயன்பாடும் உண்மையும்

1975ஆம் ஆண்டில் ஃபோல்ஸ்டீன் உள்ளிட்ட மூவர், நினைவையும் அறிதிறனையும் சில நிமிடங்களில் அளக்கும் 30 மதிப்பெண் தேர்வு ஒன்றை வெளியிட்டனர். நோயின் காரணத்தையோ மருந்தையோ அக்கட்டுரை கூறவில்லை; எனினும் பல்லாயிரம் கட்டுரைகளில் மேற்கோளாயிற்று. எளிய கருவியொன்று எங்கும் பயன்பட்டதே அதற்குக் காரணம். மேற்கோள் எண் பயன்பாட்டை அளக்கும் என்பதற்கு இது சான்று.

ஆனால் அவ்வெண் உண்மைக்கு உறுதி அளிப்பதில்லை. குறிப்பிட்ட ஒரு புரதத் திரள் எலிகளின் நினைவாற்றலைக் குன்றச் செய்கிறது என்று 2006ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியானது. அது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முறை மேற்கோள் காட்டப்பட்டது. அதன் படங்கள் சில மாற்றியமைக்கப்பட்டிருக்கலாம் என்னும் ஐயம் 2022இல் வெளிப்படையாக எழுந்தது. 2024இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அல்சைமர் ஆய்வு முழுவதும் இதனால் பொய்யாகிவிடவில்லை. எனினும், ஐயத்திற்குரிய ஒரு முடிவைப் பின்தொடர்வோரின் உழைப்பும் பொருளும் வீணாகும். மருந்தை எதிர்நோக்கும் நோயாளர்க்கோ அவ்விழப்பை ஈடுசெய்யப் போதிய காலம் இருப்பதில்லை.

நாம் கொள்ள வேண்டியது

மேற்கோள்களின் எண்ணிக்கை ஓர் ஆய்வு எத்துணைக் கவனம் பெற்றது என்பதைக் கூறும். அது மெய்யா என்பதை, பிறர் அதே சோதனையை மீண்டும் செய்து பார்ப்பதே கூறும். ஒரு கட்டுரையை மறுப்பதற்காகச் சுட்டினாலும் அதன் கணக்கில் ஒன்று கூடும் என்பதையும் மறத்தலாகாது. உயர்கல்வியில் அடியெடுத்து வைக்கவிருக்கும் மாணவர்கள், பிறர் கருத்தை எடுத்தாளும்போது மூலக் கட்டுரையைப் படித்துச் சான்றுகளை ஆராய்ந்த பின்னரே மேற்கோள் காட்டும் வழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும்.