பாஸ்வேர்டு மாறியது, சாவி மாறவில்லை

லினக்ஸ் லேப்டாப்பின் வட்டு முழுவதையும் குறியாக்கம் செய்து வைத்திருக்கும் வாசகர் ஒருவர் சந்தேகத்தோடு எழுதியிருக்கிறார். வட்டில் ஒரு டெராபைட் கிடக்கிறது. பாஸ்வேர்டை மாற்றினால் இரண்டே நொடியில் வேலை முடிந்துவிட்டது. அத்தனை கோப்புகளும் அதற்குள் மறுபடி பூட்டப்பட்டனவா, இல்லை இது கண்துடைப்பா?

கண்துடைப்பு இல்லை. ஆனால் கோப்புகளை யாரும் தொடவும் இல்லை. லக்ஸ் என்ற இந்த ஏற்பாட்டில் கோப்புகளைப் பூட்டுவது பாஸ்வேர்டு அல்ல. வட்டைத் தயார் செய்த நாளில் கணினி தற்செயலாக உருட்டி எடுத்த தலைமைச் சாவி. அந்தச் சாவியைப் பூட்டி வைப்பதுதான் பாஸ்வேர்டின் வேலை.

பழைய பண்ணை வீட்டுப் பத்தாயம் மாதிரி. பத்தாயத்துக்கு ஒரே சாவி. அதன் நகல் ஒவ்வொரு மருமகளின் சின்னப் பெட்டியிலும் இருக்கிறது. லக்ஸின் முதல் பதிப்பில் 8 பெட்டிகள் வரை, இரண்டாவதில் 32 வரை. (அத்தனை மருமகள்களை எந்த மாமியாரும் தாங்கமாட்டார்.) ஒருத்தி தன் பெட்டிப் பூட்டை மாற்றிக்கொண்டால் நெல்லை அள்ளிக் கொட்டி மறுபடி நிரப்ப வேண்டியதில்லை. எல்லாப் பெட்டிகளையும் கொளுத்திவிட்டாலோ, உள்ளே இருப்பது நெல் அல்ல, மணல். பத்தாயத்தைக் கோடரியால் பிளந்தாலும் மணல்தான். வட்டை விற்பதற்கு முன் டெராபைட் முழுவதையும் அழிக்க வேண்டாம், சாவி ஒழிந்தால் போதும் என்பது இதனால்தான்.

சாவியை ஒழிப்பது அவ்வளவு சுலபமா? இங்கேதான் எனக்குப் பிடித்த வித்தை வருகிறது. பழுதாகத் தொடங்கும் செக்டரை ஹார்டு டிஸ்க் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டு, வேறு இடத்தில் எழுத ஆரம்பிக்கும். நாம் அழித்ததாக நினைத்தது அந்த ஒதுக்குப்புறத்தில் அப்படியே கிடக்கும். சாவியோ 64 பைட். 512 பைட் செக்டர் ஒன்றில் தாராளமாக அடங்கிவிடும். அது தப்பினால் எல்லாம் தப்பியது.

லக்ஸ் செய்வது வேடிக்கையானது: சாவியை வேண்டுமென்றே ஊதிப் பெருக்குகிறது. 4,000 பட்டைகள். முதல் 3,999-லும் வெறும் தற்செயல் எண்கள். அவற்றை வரிசையாகக் கலந்து பிசைந்துகொண்டே போய், கடைசிப் பட்டையையும் சேர்த்தால் சாவி வருகிற மாதிரி அந்த ஒன்றை மட்டும் கணக்குப் பண்ணி வைக்கிறது. 64 பைட் இப்போது 2,56,000 பைட். அதாவது 500 செக்டர்கள். சாவி பிழைக்க வேண்டுமானால் ஐந்நூறும் பிழைக்க வேண்டும். ஒன்று சிதைந்தாலும் மிச்சம் குப்பை. பத்திரப்படுத்துவதற்காகவே பலவீனமாக்குவது!

வரலாறும் வேண்டுமென்றால்: லக்ஸ், கிளெமென்ஸ் ஃப்ரூவிர்த் 2004-ல் எழுதியது. போதும்.

சாவியை ஒழிக்கும் தொல்லை இணையத்தில் குறைவு. இணைய இணைப்புகளைப் பூட்டும் டிஎல்எஸ் 1.3 ஒவ்வொரு இணைப்புக்கும் புதுச் சாவி பேசி முடித்து, பேச்சு ஓய்ந்ததும் எறிந்துவிடலாம். வட்டில் இருப்பதைப் பத்து வருஷம் கழித்தும் திறந்தாக வேண்டும். சாவி எங்காவது இருந்தே தீரும்.

‘ராணுவத் தரக் குறியாக்கம்’ என்று பென்டிரைவ் அட்டையில் அச்சிடுபவர்கள் அந்த ‘எங்காவது’ பற்றி வாய் திறப்பதில்லை. அவர்கள் சொல்வது பெரும்பாலும் ஏஇஎஸ். 2001 முதல் அமெரிக்க அரசின் தரம், உங்கள் வங்கியின் இணையதளத்திலும் இருப்பது. லக்ஸையும் தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டாம். எஸ்எஸ்டி வட்டுகள் தேய்மானத்தைப் பரப்புவதற்காகப் பழைய பிரதிகளை அங்கங்கே விட்டுவைக்கும். 4,000 பட்டை வித்தை அங்கே வலுவிழக்கும்.

வாசகருக்கு இன்னொன்று. பழைய பாஸ்வேர்டு தெரிந்த ஒருவர், அந்தப் பெட்டிகள் இருக்கும் வட்டின் தலைப்பகுதியை முன்பே நகலெடுத்திருந்தால், தலைமைச் சாவி இன்றும் அவர் கையில்தான். அந்தப் பயம் இருந்தால் தலைமைச் சாவியையே மாற்ற வேண்டும். லக்ஸின் இரண்டாம் பதிப்பில் ‘ரீஎன்கிரிப்ட்’ என்ற கட்டளை அதற்கென்றே உண்டு. கோப்புகளுக்கு முதலில் நகல் எடுத்துவிட்டு, சார்ஜரைச் செருகி ஓட்டுங்கள். இது இரண்டு நொடி வேலை அல்ல. டெராபைட்டுக்கு மணிக்கணக்கில் ஆகும்.